மஞ்சள் கவரில் போன வெள்ளைச் சீட்டு

எங்கள் சபையின் செக்ரட்டரி தேவசகாயம் அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். கையில் ஒரு கட்டு மஞ்சள் கவர். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரம். கடலூர் முதுநகரில் இருக்கும் எங்கள் சர்ச்சில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். தலைக்கு மேல் பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. காலையில் அவசரமாகக் கிளம்பி வந்ததில் எனக்கு நல்ல பசி.

"ஞானசேகர், சுகந்தி குடும்பத்தார்" என்று எங்கள் பெயரைப் படித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகள் ஜெனி நர்சிங் மூன்றாம் வருடம் பாஸ் ஆனதற்காக நான் போட்ட கவர் அது. யார் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டேன். எனக்கு அந்தச் சின்னப் புத்தி உண்டு, மறைப்பானேன்.

அண்ணன் சீட்டைப் பிரித்து, எப்போதும் படிக்கிற அதே ராகத்தில், ஒரே மூச்சில் படித்தார்.

"என் கணவருக்கு இடது கண் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அவரையும் அந்த பஸ்ஸில் ஏறுகிற எல்லாரையும் காப்பாற்றும் ஆண்டவரே. இதற்காகக் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்."

சபை மொத்தமும் பழக்கத்தில் "ஆமென்" என்றது.

அந்த ஆமென் சொல்லி முடித்த பிறகுதான், என்ன படித்தார் என்பது எல்லோருக்கும் உறைத்தது. ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவருடைய பின்கழுத்து மட்டும்தான் தெரிந்தது. என் பசி எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டு நிறம்

சர்ச்சுக்குப் போய்ப் பழக்கமில்லாத வாசகர்களுக்கு இந்தக் கவர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் சபையில் இரண்டு நிறக் கவர் அச்சடித்து வைத்திருப்பார்கள். மஞ்சள் கவர் நன்றி சொல்ல. உள்ளே காணிக்கையையும், எதற்காக நன்றி என்று ஒரு சீட்டையும் வைத்து, வெளியே பெயர் எழுதித் தட்டில் போட வேண்டும். அதை எல்லோர் முன்னாலும் படித்து, "இதற்காகக் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்" என்று முடிப்பார்கள். வெள்ளைக் கவர் ஜெப விண்ணப்பத்துக்கு. அது ஐயர் வீட்டு வாசலில் இருக்கும் மரப்பெட்டிக்குள் போகும். எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். பெட்டிச் சாவி அவரிடம் மட்டும் இருக்கும். படித்து, ஜெபித்து, கிழித்துப் போட்டுவிடுவார். ஐயரம்மாவுக்குக்கூடத் தெரியாது.

மஞ்சள் கவர்தான் எங்கள் முதுநகரின் செய்தித்தாள். யார் வீட்டில் நிச்சயதார்த்தம், யாருக்கு முட்டி ஆபரேஷன், யார் மகனுக்குத் துபாய் விசா என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஒரு வீட்டில் கார் வாங்கியதற்கு ஸ்தோத்திரம் படித்தால், அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் அதைவிடப் பெரிய காருக்கு ஸ்தோத்திரம் வரும். ஆண்டவர் பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறார்.

ஆனால் ஒரு மஞ்சள் கவர் எனக்கு மறப்பதேயில்லை. நான் கல்யாணம் ஆகாமல் இருந்தபோது ஒரு பெரிய புயல் அடித்தது. எங்கள் வீட்டுக் கூரை ஓட்டில் பாதி பறந்துவிட்டது. வாசலில் நின்ற முருங்கை வேரோடு சாய்ந்தது. அடுத்த ஞாயிறு என் அம்மா மஞ்சள் கவர் போட்டாள். "முருங்கை மரம் வீட்டின்மேல் விழாமல் தெருப்பக்கம் விழுந்ததற்காக." நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பாதிக் கூரை இல்லாத வீட்டில் இருந்துகொண்டு மரம் விழுந்த திசைக்கு நன்றி சொல்கிற பெண்பிள்ளை என் அம்மா. அன்றைக்கு எனக்கு அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் பட்டது.

சரி, கவர் எப்படி மாறியது? இதில்தான் என் மானம் போகிறது. நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு கூரியர் ஆபீஸில் கவர் பிரிக்கிற வேலை பார்ப்பவள். எந்தக் கவர் எந்த ஊர்ப் பைக்குள் போக வேண்டும் என்று பார்த்துப் போடுவதுதான் எனக்குச் சம்பளம். பண்ருட்டிக்குப் போக வேண்டியதை நெய்வேலிக்கு ஒரு நாளும் அனுப்பியதில்லை. அப்படிப்பட்டவள் அந்த ஞாயிறு காலை அடுப்படி மேடையில் வைத்து இரண்டு சீட்டு எழுதினேன். சாம்பார் பொங்கி வழிந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு வந்து, இரண்டு சீட்டையும் இரண்டு கவரில் மாற்றிப் போட்டு ஒட்டிவிட்டேன்.

முன்படியில் வேலு

அந்த இரண்டாவது சீட்டை ஏன் எழுதினேன் என்பதற்கு, அதற்கு மூன்று வாரம் முன்னால் போக வேண்டும்.

என் கணவர் கடலூர் - சிதம்பரம் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். கிளீனராகச் சேர்ந்து, டெப்போ மூலையில் ரிவர்ஸ் எடுத்துப் பழகி, ஸ்டியரிங்குக்கு வந்தவர். வண்டி ஓட்டுவதில் அவருக்கு இருக்கும் கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. எங்கள் கல்யாணத்தன்று சொந்தக்காரர்களை ஏற்றி வர வேண்டிய பஸ்ஸின் டிரைவருக்குக் காய்ச்சல். மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக ஏறி உட்கார்ந்து, தன் கல்யாணத்துக்குத் தானே பஸ் ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பூச்செண்டோடு சர்ச் வாசலில் நிற்கிறேன், இவர் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிறார். "ரைட், ரைட்" என்று என் மாமனாரே கை காட்டினார். கல்யாண ஆல்பத்தில் அந்த போட்டோ இருக்கிறது.

ஜெனி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஊறுகாயும் துவைத்த துணிகளும் கொடுக்க, அன்றைக்கு அவருடைய பஸ்ஸிலேயே ஏறினேன். முன்வாசலை ஒட்டிய இடது பக்க சீட்.

கண்டக்டர் வேலு திருவந்திபுரத்துக்காரன். சின்ன வயசு, வாய் ஓயாது. அன்று அவன் வாயே திறக்கவில்லை. ஊர் தாண்டுவதற்குள் அவசர அவசரமாக எல்லோருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன்படியில் வந்து நின்றுகொண்டான். பின்பக்கம் போகவே இல்லை. வெளியே எட்டிப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். காரைக்காடு தாண்டிய பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"ண்ணே, சைக்கிளு. ண்ணே, ஆடு. ண்ணே, லெப்ட்ல டிராக்டர் நிக்குது."

ஆலப்பாக்கம் வரை நான் இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். புதுச்சத்திரம் தாண்டி, புல்லுக்கட்டு ஏற்றிய ஒரு மொபட் இடது ஓரத்திலிருந்து திடீரென்று ரோட்டுக்குள் வந்தது. வேலு பஸ்ஸின் தகரத்தில் இரண்டு முறை ஓங்கித் தட்டினான். பஸ் வலது பக்கம் ஒடிந்து திரும்பியது. புல் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது. அவ்வளவு பக்கத்தில்.

நான் என் கணவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மொபட்டைப் பார்க்கவே இல்லை. வேலு தட்டிய சத்தத்துக்குத்தான் திருப்பினார்.

வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தேன். கைக்குழந்தையோடு ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பிச்சாவரத்தில் படகுச் சவாரிக்குப் போகிற காலேஜ் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடவுளிடம் மட்டும்

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்ததும் இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"மாமா, இந்தக் கண்ணு தெரியுதா ஒங்களுக்கு?"

"தெரியுதே. என்னா கேள்வி இது?"

"என் கையில எத்தன வெரலு காட்டுறேன்?"

சிரித்துக்கொண்டே "மூணு" என்றார்.

என் கையில் காபி டம்ளர் இருந்தது.

டம்ளரை அவர் கையைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் சிரிப்பு நின்றது. ரொம்ப நேரம் காபியைக் குடிக்கவே இல்லை. அதில் ஆடை படிந்தது.

"மொதல்ல மங்கலாதான் இருந்திச்சு. அஞ்சாறு மாசமா ஜாஸ்தியாயிடுச்சு. வலது கண்ணு நல்லாத்தான் தெரியுது சுகந்தி. ரோடு எனக்கு மனப்பாடம். வேலு வேற பாத்துக்கறான்."

"ஆடு மனப்பாடமா? மொபட்டு மனப்பாடமா?"

"ஒரே ஒரு வருசம் குடு. ஜெனி படிப்பு முடியட்டும். ஸ்டியரிங்க விட்டா நான் யாரு? எனக்கு வேற என்னா தெரியும்? யார்கிட்டயும் மூச்சு விடாத."

அந்த "நான் யாரு" என்ற கேள்விதான் என்னை இளக்கிவிட்டது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல்தான் கோபம் வருகிறது.

அடுத்த மூன்று வாரமும் ஆபீஸில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடும். அது எந்தப் பக்கம் போகிறது என்று காது கொடுப்பேன். முதலாளியிடம் சொல்லலாமா என்று நினைப்பேன். சொன்னால் கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் அந்தக் கைக்குழந்தைக்காரி கண்முன் வருவாள். கடைசியில், ஆண்டவரிடம் சொல்லிவிட்டால் வாக்கையும் மீறவில்லை, பாரமும் இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டு வெள்ளைச் சீட்டு எழுதினேன். கடவுளிடம் சொன்னால் கடலூருக்குத் தெரியாது என்று அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

ஞாயிறு மத்தியானம்

மறுபடி சர்ச்சுக்கு வருகிறேன்.

தேவசகாயம் அண்ணன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கவரைப் பிரிக்கவும் தெரியாமல் நின்றார். பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. என் கணவர் எழுந்தார். யாரையும் பார்க்காமல், பெஞ்சுகளுக்கு நடுவே வாசலைப் பார்த்து நடந்தார். இடது கையால் ஒவ்வொரு பெஞ்சின் முனையையும் தொட்டுத் தொட்டு நடந்தார். வீட்டிலும் சுவரை அப்படித் தொட்டுக்கொண்டுதான் நடப்பார் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. அன்றைக்கு அதைச் சபை முழுக்கப் பார்த்தது.

ஐயர் ஒன்றும் நடக்காதது போல "ஜெபம் செய்வோம்" என்றார். அவர் என்ன ஜெபித்தார் என்று எனக்கு நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அமைதியாகக் கேட்டார்.

"சொல்லமாட்டேன்னு சொன்னியே."

"நான் ஆண்டவர்கிட்டதான் சொன்னேன் மாமா."

"அவுரு தேவசகாயம் அண்ணன்கிட்ட குடுத்துட்டாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் சிரிக்கவில்லை. நான் வைத்த சாப்பாட்டைத் தொடவும் இல்லை.

நாலு மணி வாக்கில் ஸ்டெல்லா டீச்சர் வந்தார். எங்கள் சபைக்காரர். சிதம்பரத்தில் வேலை, தினமும் இவர் பஸ்ஸில்தான் போய் வருவார். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"ண்ணே, எனக்குத் தெரியும்ணே. மூணு மாசமா நான் லெப்ட் சைடு சீட்டுல உக்காரல. நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

என் கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கயாச்சும் இடிச்சா லெப்ட்லதான் இடிப்பீங்கன்னு ரைட் சைடுக்கு மாறிட்டேன். மத்தவங்க லெப்ட்ல உக்காந்திருந்தாங்க. நான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. ஒங்களுக்காக ஜெபம் மட்டும் பண்ணேன். அத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

டீச்சர் அதைச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

பிற்பாடு வேலுவும் என்னிடம் சொன்னான். "தெனமும் பெருமாள வேண்டிக்கிட்டுதான் அண்ணி படியில நின்னேன்" என்றான். ஆக, அந்த ஒரு பஸ்ஸுக்காக அவன் ஒரு பக்கம், டீச்சர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மூன்று பேர் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறோம். வாயைத் திறந்து சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஜெபத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பக்தி கம்மி என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்தி இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

டிக்கெட் எடுத்த டிரைவர்

திங்கட்கிழமை முதல் டிரிப் அவருடையது. இருட்டுப் பிரியும் முன்பே வழக்கம்போல எழுந்தார். குளித்தார். காக்கிச் சட்டையைப் போட்டார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"வேணாம் மாமா."

"வழி விடு சுகந்தி. டைம் ஆச்சு."

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு என்னை விலக்கிவிட்டுப் போய்விட்டார். இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகும் இந்த மனுஷன் போகிறாரே என்று கொதித்தேன். முதலாளியின் நம்பரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். வாக்காவது ஒன்றாவது. அடித்தேன், அவர் எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடித்தும் எடுக்கவில்லை. அடுப்பைப் பற்றவைக்காமல் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைய ஜெபத்தில் வார்த்தை எதுவும் இல்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் அவர் போன் வந்தது.

"சிதம்பரம் வந்துட்டேன்."

"அப்போ ஓட்டிக்கிட்டுதான் போனீங்களா?"

"நான் ஓட்டலடி. ஷெட்டுலயே வேற டிரைவர ஏத்திவிட்டுட்டேன். டிக்கெட் எடுத்து வந்தேன். வேலு வாங்கமாட்டேன்னான், கையில திணிச்சிட்டேன்."

"எந்த சீட்டு?"

"லெப்ட்ல, மொத சீட்டு. டீச்சரம்மா வந்து பக்கத்துல உக்காந்துகிச்சு."

முதலாளி வீடு சிதம்பரத்தில் தேர் வீதிப் பக்கம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக அங்கே போய், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினார். ஷெட்டிலிருந்து தகவல் போய், முதலாளி ஏற்கெனவே கொதித்துப்போயிருந்தாராம். அதனால்தான் என் போனையும் எடுக்கவில்லை. "அத்தன உசுர வச்சிக்கிட்டு வெளையாடியிருக்கியேப்பா" என்று கத்தியிருக்கிறார். இவர் தலை குனிந்து நின்றிருக்கிறார். கத்தி முடித்த பிறகு முதலாளி உட்காரச் சொல்லி, "நீயா வந்து சொன்ன பாரு" என்றாராம். வேலை போனது போனதுதான்.

ஐந்து நிமிடம்

அன்றே ஜெனி அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றுவிட்டது, இடது கண் இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னார். வலது கண்ணிலும் ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வருடம் இப்படியே விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். என் கணவர் என்னிடம் கேட்ட அதே ஒரு வருடம்.

வலது கண்ணைக் காப்பாற்ற, காலையும் மாலையும் சொட்டு மருந்து. ஆயுள் முழுக்க. மருந்து விட்டால் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கக் கூடாது.

இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நீட்டினேன். எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் என்று பேருக்கு உண்டு. இவர் செய்கிற ஜெபம் அரை நிமிடம் தாண்டாது. பஸ்ஸுக்கு டைம் ஆகிவிடும். ஆமென் சொல்லும்போதே ஒரு கால் செருப்புக்குள் இருக்கும். அப்படிப்பட்டவர் இப்போது தினமும் இரண்டு வேளை கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. எங்கேயும் ஓட முடியாது. சரி, இந்த நேரத்தில் ஜெபம் பண்ணுவோம் என்றேன்.

முதல் மாதங்கள் மோசமாக இருந்தன. "பண்ணு" என்பார். நான் பண்ணுவேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மருந்தும் கண்ணீரும் சேர்ந்து கன்னத்தில் வழியும். ஒரு நாள் "கேக்க வேண்டியத நானே கேக்கறேன்" என்று ஆரம்பித்து, ஆண்டவரோடு சண்டை போட்டார். ரோட்டில் குறுக்கே வந்தவனைத் திட்டுகிற மாதிரியே திட்டினார். நான் தடுக்கவில்லை. மனசில் உள்ளதை அவர் ஜெபத்தில் சொன்னது அதுதான் முதல் தடவை.

என் சம்பளத்தில் வீடு ஓடியது, இழுத்துப் பிடித்து. ஜெனி படிப்பு நிற்கவில்லை. அவர் வெங்காயம் உரித்தார், துணி காயப்போட்டார், என்னிடம் எரிந்து விழுந்தார். பஸ் ஹாரன் கேட்டால் எந்தக் கம்பெனி வண்டி, எத்தனை நிமிஷம் லேட் என்று தானாகச் சொல்வார்.

எந்த நாள் என்று குறித்து வைக்கவில்லை. மழை விட்ட ஒரு சாயங்காலம். மருந்து விட்டேன், குளிர்ச்சியில் முகத்தைச் சுளித்தார். நான் ஜெபம் தொடங்குமுன் அவரே பேசினார்.

"ஆண்டவரே, ஒரு கண்ணு இருக்கு. சுகந்தி மொகம் தெரியுது. என் கையால ஒரு உசுரும் போவல. போதும்."

பந்தியில் இலையின்மேல் கையை நீட்டி "போதும்" என்பார்களே, வயிறு நிறைந்தவர்கள் சொல்கிற போதும், அந்தக் குரலில் சொன்னார். நான் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டேன். அவர் முகம் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற முகம் மாதிரி இருந்தது. மனநிறைவு என்பது எல்லாம் சரியான பிறகு கிடைப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். எதுவுமே சரியாகாமல், மழைத் தண்ணீர் சொட்டுகிற வீட்டில் அது வந்து உட்கார்ந்தது. அம்மாவின் முருங்கை மரமும் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு முதலாளியே கூப்பிட்டு, கடலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் பார்த்து வண்டி அனுப்புகிற வேலையைக் கொடுத்தார். "சிதம்பரம், சிதம்பரம்" என்று கூவி ஆள் ஏற்ற வேண்டும். ஓட்டின பஸ்ஸுக்குக் கூவுவதா என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் போனார். இப்போது முகூர்த்த நாளில் திருவந்திபுரம் பெருமாள் கோயில் கல்யாணக் கூட்டம் வந்து மொய்த்தால், அவர் குரல்தான் பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிறது.

"ஓட்டறப்போ முதுகுக்குப் பின்னாடி யாரு இருக்காங்கன்னே தெரியாது சுகந்தி. இப்பதான் ஏர்றவங்க மூஞ்சியப் பாக்கறேன்" என்றார் ஒரு நாள்.

சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆண்டவரே கவரை மாற்றிவைத்தார் என்று சொல்லச் சொன்னார்கள். கவரை மாற்றியது நான், சாம்பார் பொங்கியதால் மாற்றினேன் என்று சொல்லி மறுத்துவிட்டேன். சாம்பாரைப் பொங்கவைத்தது யார் என்று ஐயர் கேட்டார்.

மறுபடியும் மஞ்சள்

ஒரு வருடம் போனது. ஜெனி படிப்பை முடித்தாள். அந்த ஞாயிறு நான் காலை ஏழு மணிக்கே சமையலை முடித்து, அடுப்பை அணைத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து மஞ்சள் கவரைத் தயார் பண்ணினேன். சீட்டை உள்ளே வைத்து, இரண்டு முறை எடுத்துப் பார்த்தும் நம்பிக்கை வராமல், கவரை ஒட்டாமலே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் என் கணவர் "நான் போடறேன் குடு" என்று வாங்கிக்கொண்டார்.

இந்த ஒரு வருடத்தில் எங்கள் சபையில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. தேவசகாயம் அண்ணன் கவர்களை முன்கூட்டியே பிரித்து, ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு எடுத்துப் போவார். அதற்குக் காரணமானவள் யார் என்பதை ஊரே அறியும்.

இரண்டாவது பாட்டு பாடும்போது அவர் வேகவேகமாகப் பெண்கள் பக்கம் வந்தார். குனிந்து என் காதில் கிசுகிசுத்தார்.

"அம்மா சுகந்தி, மறுபடியும் மாத்திப் போட்டுட்டம்மா. நல்லவேள நான் பாத்தேன்."

கையில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று ஜெனிக்காக நான் எழுதியது. இன்னொன்று நாலாக மடித்து, மடிப்பு பழுத்து, ஓரத்தில் காக்கிச் சாயம் ஏறிய பழைய சீட்டு. என் கையெழுத்துதான். போன வருடம் அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஐயர் அதை அண்ணனிடமிருந்து வாங்கி, வெளியே நின்ற இவரிடம் கொடுத்திருக்கிறார். இவர் அதைக் காக்கிச் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். எனக்கு இது எதுவும் தெரியாது.

நான் ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து அவர் எழுந்து, பெஞ்சு முனையை இடது கையால் தொட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"மாத்திப் போடலண்ணே" என்றார். "சரியான கவர்லதான் இருக்கு. படிங்க."

அறிவிப்பு நேரம் வந்தது. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜெனியின் சீட்டுக்குப் பிறகு பழைய சீட்டைப் படித்தார். "என் கணவருக்கு இடது கண் தெரியவில்லை" என்று தொடங்கி, "அந்த பஸ்ஸில் ஏறுகிற எல்லாரையும் காப்பாற்றும் ஆண்டவரே" என்பது வரை, ஒரு எழுத்து மாறாமல். "இதற்காகக் குடும்பத்தார் ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கிறார்கள்" என்று முடித்தார்.

இந்தத் தடவை சபை உடனே ஆமென் சொல்லவில்லை. எல்லோரும் மூன்றாவது வரிசையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். முதல் ஆமெனை என் கணவர் சொன்னார், பஸ் ஸ்டாண்டில் கூவுகிற அதே குரலில்.